மூணு பேர் உட்காரணும்

வீரராகவனுக்கு நீச்சல் தெரியாது. தலைமுறை தலைமுறையாகப் பொன்னேரி பக்கம் நெல் விளைத்த குடும்பம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அதற்கு வெள்ளம் என்று பெயர், அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் என்றுதான் அவருக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்திரண்டு வயதில் படகு வாங்கக் கிளம்பினால் கேட்டவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

கும்மிடிப்பூண்டி பைப் கம்பெனியில் அவரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்யும் குணா, கேன்டீனில் புரை ஏறும்வரை சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, பாவம் என்று போனில் ஒரு வீடியோ தேடிக் கொடுத்தான். மீன் பிடிக்கப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு எந்தப் படகு சரி என்று ஒரு தொப்பிக்காரர் அதில் பேசினார். சின்னதாக இருக்க வேண்டும். அகலமாக இருக்க வேண்டும். அடி தட்டையாக இருந்தால் ஆட்டம் குறைவு. எழுந்து நின்றாலும் கவிழக்கூடாது. வீரராகவன் ஒன்று விடாமல் உரக்கடைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

"இன்னாண்ணா திடீர்னு மீன் மேல ஆசை?"

"ரிட்டயர் ஆனா பொழுது போவணும்ல."

அது பொய். தூண்டில் முள் ஒரு பாக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தது என்னவோ உண்மை. ஆனால் படகு மீனுக்காக இல்லை, மாமியாருக்காக. அதை எந்த ஆம்பிளை கேன்டீனில் சொல்லுவான்?

அவர் மனைவி நர்மதா, பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் திட்டுக்குப்பத்துப் பெண். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் இறால் பேக்கிங் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள், புதுவாயல் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது வீரராகவனைப் பார்த்தாள். அந்த பஸ் ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. சிறுவாபுரி கோயிலில் கல்யாணம் நடந்தது. வீரராகவன் வீட்டார் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பேத்தி சத்யா பிறந்ததும் இறக்கி வைத்துவிட்டார்கள். குப்பத்தில் அப்படி முடியவில்லை. ஊர்க்கூட்டம் கூடி இரண்டு வார்த்தை சொன்னது. ஊர்ப் படகு அவளை ஏற்றாது. ஊர் மண்ணில் அவள் கால் படக்கூடாது.

படகில்லாமல் திட்டுக்குப்பத்துக்குப் போக வழி கிடையாது. பக்கத்துக் குப்பத்துக்காரர்களும் அடுத்த ஊர் பேசிய பேச்சைத் தாண்டி அவளை ஏற்ற மாட்டார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேசிய பேச்சு மட்டும் ஒரு தும்மல்கூடப் போடாமல் கெட்டியாக இருந்தது.

ஆனால் அம்மா முத்தம்மாள் கெட்டிக்காரி. வாரம் ஒருமுறை மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்கு வந்துவிடுவாள். நர்மதா பையை எடுத்துக்கொண்டு போவாள். சுற்றிலும் குப்பத்துப் பெண்கள் கடை போட்டிருப்பார்கள், ஊர் விலக்கிய பெண்ணோடு உறவு கொண்டாடினால் பேச்சு வரும். அதனால் அம்மாவும் மகளும் மீன் பேரம் பேசுவார்கள். "இன்னாமா, மீனு இளைச்சாப்புல கீது" என்று நர்மதா கேட்டால், "ஜொரம் வந்துச்சும்மா, இப்ப பரவால்ல" என்று முத்தம்மாள் பதில் சொல்லுவாள். "குட்டி மீனுக்குப் பரீட்சையா?" என்று அம்மா கேட்பாள். "பாஸாயிடுச்சு" என்பாள் மகள். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே வாழ்க்கையைப் பேசித் தீர்த்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதுவும் நின்றது. முத்தம்மாளுக்கு முழங்கால் மடங்கவில்லை. மகன் நாகமுத்துவின் படகு கடலுக்குப் போகிற படகு, பக்கவாட்டுச் சுவர் நெஞ்சு உயரம். ஒரு நாள் அதில் ஏற்றும்போது கை நழுவி விழுந்து இடுப்பில் அடி. அதற்குப் பிறகு படகு என்றாலே அவள் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவாள். காதும் மந்தமாகிவிட்டது. மார்க்கெட்டில் மீன் விற்கும் கன்னியம்மா, அதே குப்பத்துக்காரி, மனசு கேட்காமல் ஒரு நாள் குப்பத்திலிருந்து நர்மதாவுக்குத் தன் போனில் வீடியோ கால் போட்டுக் கொடுத்தாள். முத்தம்மாள் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம் நர்மதாவுக்கு அம்மாவின் காது மட்டும்தான் தெரிந்தது. கம்மல் இல்லாத காது. அதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நர்மதா சோற்றில் கை வைத்தால் வைத்தபடி இருப்பாள். வீரராகவனுக்கு அது தாங்கவில்லை. நம்மோடு வந்ததால்தானே இவளுக்கு இந்த நிலைமை என்று உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு காலையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஊர்ப் படகுதான என்ன ஏத்தக்கூடாது. நம்மளுதே ஒண்ணு இருந்தா?"

மறுநாள்தான் அவர் குணாவிடம் போய் நின்றார்.

கல்யாணமாகித் திருநின்றவூரில் இருக்கும் சத்யா போன் செய்து, "அப்பா, உங்களுக்கு இதெல்லாம் தேவையா" என்று ஆரம்பித்தாள். காரணத்தைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். இரண்டாவது நாள் ஆரஞ்சு கலரில் இரண்டு மிதவைச் சட்டைகள் கூரியரில் வந்தன.

பழவேற்காட்டில் ஜெகன் என்றொருவன் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் பட்டறை வைத்திருந்தான். பழைய படகு வாங்கி விற்பதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் போய் நின்றார்கள். வீரராகவன் காலண்டர் தாளை எடுத்துப் படிக்க, ஜெகன் மரியாதைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு படகைத் தண்ணீரில் இறக்கினான். நீளமாக, ஒல்லியாக, பார்க்க லட்சணமாக இருந்தது.

"சும்மா பறக்கும்ணா இது."

நர்மதா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் ஏறி உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்கள். தண்ணீரில் நின்றபடியே படகின் விளிம்பைப் பிடித்து, ஒரு காலை உள்ளே போட்டு, உடம்பை ஏற்றினாள். படகு சாய்ந்தது. ஜெகன் தாவிக் குதித்தான். வீரராகவனுக்குக் குதிக்கவும் தெரியாதாகையால் மூட்டை மாதிரி தண்ணீருக்குள் போனார்.

"எழுந்து நில்லுணா, இடுப்பளவுதான்" என்று ஜெகன் தூக்கிவிட்டான். பிறகு நர்மதாவிடம் திரும்பினான். "இன்னாக்கா நீ. படகக் கரையோரமா வெச்சு ஏறுவாங்க. நீ தண்ணில நின்னுகினு ஏர்ற."

"எனக்கு இப்படித்தான் ஏறணும். மூணு பேர் உட்காரணும்."

"நீங்க ரெண்டு பேருதான?"

"மூணு பேர்."

மூன்றாவது ஆள் சத்யாவாக இருக்கும் என்று வீரராகவன் நினைத்துக்கொண்டார். சட்டையைப் பிழிந்தபோது தூண்டில் முள் பாக்கெட்டைக் காணவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளும் இப்படியே போயின. ஒரு படகு அகலமாக, அடி தட்டையாக, தொப்பிக்காரர் சொன்னதற்கு இம்மி பிசகாமல் இருந்தது. வீரராகவன் அதில் எழுந்து நின்றுகூடக் காட்டினார். நர்மதா விளிம்பைத் தன் இடுப்போடு அளந்து பார்த்து, "ஒசரம்" என்று சொல்லிவிட்டாள். இன்னொன்று தாழ்வாக இருந்தது, ஆனால் அவள் ஏறும்போது ஒரு குடம் தண்ணீர் உள்ளே வந்தது. இன்னொன்றில் உட்கார நடுவில் பலகை இல்லை. ஐந்தாவது வாரம் டீக்கடையில் வீரராகவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ படகு பாக்குறியா, இல்ல போவாம இருக்க சாக்கு பாக்குறியா?"

கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். நர்மதா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தாள்.

"ரெண்டும்தான்" என்றாள். "படகு கெடைக்காத வரைக்கும் என்னிக்காவது போவேன்னு ஒரு இது கீது. போய் நின்னு, அம்மா வரலன்னா? அப்புறம் எதுக்குங்க நான் காத்துக்கினு இருக்கறது?"

அவளுக்கு இன்னொரு டீ சொன்னார்.

திரும்பிப் போய் நின்றபோதுதான் நர்மதா பட்டறையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். நீலக் கலரில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் ஒரு கோழி முட்டைக்கு உட்கார்ந்திருந்தது.

"அது போட்டே இல்லக்கா" என்றான் ஜெகன். உண்மையாகவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. "இறால் பண்ணைல குட்டைக்குள்ள தீனி போட வெச்சிருந்தது. ஏரில எறக்குனா அசிங்கமா சிரிப்பானுங்க."

"எறக்கு."

கோழி கொடுத்த சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு அதை இறக்கினார்கள். குட்டையாக, அகலமாக, முன்பக்கமும் பின்பக்கமும் சப்பையாக, குளியல் தொட்டி மாதிரி மிதந்தது. விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண்தான். ஆண்கள் இரண்டு பேரும் நடுவே உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீரில் நின்று விளிம்பைப் பிடித்து ஏறினாள். படகு நாலு விரல் சாய்ந்து, அப்படியே நின்றது. இறங்கினாள். மறுபடி ஏறினாள், இந்த முறை வலது காலை மடக்காமல் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து ஏறினாள். என்ன விளையாட்டு இது என்று வீரராகவனுக்குச் சிரிப்பு வந்தது. படகு சாய்ந்தது, நின்றது. நர்மதா மூச்சு வாங்க நடுப்பலகையில் உட்கார்ந்தாள்.

"இதான்" என்றாள்.

வீரராகவன் டிராக்டர் வாங்கிய வழக்கப்படி நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். சக்கரத்துக்கு ஒன்று என்று கணக்கு. படகுக்குச் சக்கரம் கிடையாது என்பது கற்பூரம் ஏற்றிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஜெகன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பழங்களை வீணாக்க மனமில்லாமல் மூலைக்கு ஒன்றாகப் படகிலேயே வைத்தார்.

பிறகு மூன்று வாரம் கழி ஊன்றப் பழகினார். ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர்; நீளமான சவுக்குக் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளினால் படகு போகும். தள்ளிய கழியைத் திரும்பப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் கழி ஏரியிலும் ஆள் படகிலுமாகப் பிரிய வேண்டிவரும். அதையும் இரண்டு தடவை செய்து பார்த்தார். நர்மதா பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாள். தாழ உட்காருங்க. பாரம் நடுவுல. ஒரு பக்கம் யாராவது ஏறினா நீங்க அடுத்த பக்கம் நகருங்க. கடைசியில் சொன்னதை மட்டும் தினமும் சொன்னாள்.

மார்க்கெட்டில் நர்மதா கன்னியம்மாவின் முன்னால் குந்தினாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு, பூவரசங்கரையாண்ட" என்று மீனைப் பார்த்துச் சொன்னாள்.

கன்னியம்மா செதில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "சொல்றேன். வரும் வராதுன்னு நான் சொல்ல முடியாது. உங்க அண்ணன் இருக்காரு, ஊரு இருக்குது" என்றாள். பிறகு யாரும் கேட்காமலே ஒரு கை இறாலை அள்ளிப் பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். வீரராகவன் ஆரஞ்சுச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு கழி ஊன்றினார். நர்மதா தன்னுடையதை மடித்து நடுப்பலகையில் மெத்தை மாதிரி விரித்துவிட்டு, முன்பக்கம் உட்கார்ந்தாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். எதிரில் வந்த படகுகளில் இருந்தவர்கள் நீலத் தொட்டியையும் ஆரஞ்சு மனிதரையும் பார்த்து வஞ்சனை இல்லாமல் சிரித்தார்கள். அவள் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திட்டுக்குப்பம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் குறுக்கே வரிசையாகக் குச்சி நட்டு வலை கட்டியிருந்தது. வலைக்குப் பக்கத்துப் படகில் வயசான ஒருவர் நின்றிருந்தார்.

"யாருபா அது? இந்தப் பக்கம் உனக்குப் பாடு கீதா?" என்று குரல் கொடுத்தார்.

வியர்வையில் குளித்துக்கொண்டிருந்த வீரராகவனுக்கு அந்த அக்கறை மனசைத் தொட்டுவிட்டது. "அத ஏன் கேக்குற நைனா. காலைலேர்ந்து ஒரே பாடுதான்" என்றார்.

பெரியவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு வலைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை கட்டலாம் என்று குப்பத்தார் முறை பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். நெல்லுக்காரருக்கு அது எப்படித் தெரியும்? குப்பத்துப் பேச்சை நர்மதா வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. பேசினால் ஊர் ஞாபகம் வரும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

இப்போது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் முந்தானை நழுவியது. பெரியவர் சிரிப்பை நிறுத்தினார்.

"நர்மதாவா அது?"

"ஆமா சித்தப்பா."

அவர் பெயர் சடையப்பன். அன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் மிச்சமிருப்பவர்களில் ஒருவர். அவர் அவளைப் பார்த்தார், படகைப் பார்த்தார், வெகுநேரம் வலையைப் பார்த்தார்.

"படகுல வல கீதா?"

"இல்ல சித்தப்பா."

"வல போடாத வரைக்கும் தண்ணி யாருதும் இல்ல" என்றார். குனிந்து வலையின் மேல்கயிற்றைத் தண்ணீருக்குள் அழுத்தி வழி விட்டார். படகு தாண்டும்போது, அவளிடம் இல்லை, கயிற்றிடம் சொன்னார்: "கரைல மட்டும் கால் வெக்காத."

பூவரசமரத்துக்கு நேரே, கரையிலிருந்து முப்பதடி தள்ளிக் கழியைச் சேற்றில் ஆழமாக ஊன்றிப் படகைக் கட்டினார்கள். மணி ஒன்பதே முக்கால். கரையில் யாரும் இல்லை.

பத்து ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. நர்மதா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டிய புது வீட்டுக்குப் பச்சை அடித்திருந்தார்கள். அவள் விளையாடிய இடத்தில் தண்ணீர் டேங்க் நின்றது. பூவரசு மட்டும் அப்படியே இருந்தது. இறங்கி நாலு எட்டு வைத்தால் எட்டிவிடுகிற மண். மணலின் மேல் யாரோ உலர்த்திய நெத்திலியின் வாடை காற்றில் வந்தபோது அவள் மூச்சை உள்ளே இழுத்து, விட மனமில்லாமல் பிடித்து வைத்துக்கொண்டாள். இருபத்து நான்கு வருஷமாக ஏங்கிய வாடை. அழுதால் மூக்கடைத்து அதுவும் போய்விடும் என்று அழாமல் இருந்தாள்.

"எறங்கிடலாம் வா" என்றார் வீரராகவன். "யாரு இன்னா பண்ணிடுவாங்க?"

"என்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அண்ணனத்தான் கூப்ட்டுக் கேப்பாங்க."

பத்தரை. வீரராகவன் மரத்தைப் பார்ப்பதை நிறுத்தி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினால் இவள் மறுபடி வரமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. கூட்டி வந்ததே தப்போ என்று நினைத்தார்.

அப்போது பச்சை வீட்டின் பக்கத்திலிருந்து நாகமுத்து வந்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மடக்காமல் கட்டை மாதிரி நீட்டி நீட்டி வைத்து, முத்தம்மாள் வந்தாள்.

அந்தக் காலைப் பார்த்ததும் வீரராகவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டறையில் நர்மதா காலை நீட்டிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து ஏறியது கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒசரம் என்றாள். மூணு பேர் என்றாள். தான் கரைக்குப் போவதற்கு இவள் படகு தேடவில்லை. கரையிலிருந்து ஒருத்தி வருவதற்குத் தேடியிருக்கிறாள். அத்தனை ஞாயிறும் இவள் அம்மாவாகத்தான் ஏறி ஏறிப் பார்த்தாள், நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

நாகமுத்து அம்மாவைத் தண்ணீருக்குள் நடத்தினான். கணுக்கால், முழங்கால், தொடை. நர்மதாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. அம்மாவின் இரண்டு கையையும் எடுத்துப் படகின் விளிம்பில் வைத்தான். பிறகு கரைக்குத் திரும்பி, ஏரிக்கு முதுகு காட்டி, பூவரசின் அடியில் உட்கார்ந்துகொண்டான்.

"வேணாம்மே, உழுந்துடுவேன்" என்றாள் முத்தம்மாள்.

"உழ மாட்ட. நீ ஏறு" என்றாள் நர்மதா. அம்மாவின் காதுக்குள் சொன்னாள்.

முத்தம்மாள் வயிற்றை விளிம்பில் சாய்த்தாள். படகு அவள் பக்கம் இறங்கியது. யாரும் சொல்வதற்கு முன்னால் வீரராகவன் அடுத்த பக்கம் நகர்ந்து, விளிம்போடு விளிம்பாக உடம்பைச் சாய்த்து உட்கார்ந்தார். ஒரு கை தண்ணீர் உள்ளே வந்தது. நாலு விரல் சாய்ந்து படகு நின்றது. நீட்டிய கால் உள்ளே வந்தது. நர்மதா அக்குளில் கை கொடுத்து இழுத்து அம்மாவை நடுப்பலகையில் உட்காரவைத்து, அவள் மடியிலேயே முகத்தைப் போட்டுக்கொண்டாள். அதுவரை அடக்கியதெல்லாம் அப்போது வெளியே வந்தது.

முத்தம்மாள் ஒரு கையால் மகளின் தலையைத் தடவினாள். இன்னொரு கையால் படகின் விளிம்பைத் தட்டிப் பார்த்தாள்.

"இது இறால் பண்ணை போட்டுதான?" என்றாள். "யாரு பாத்து எடுத்தது?"

நர்மதா முகத்தை எடுக்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். "அவுருதான்."

முத்தம்மாள் மருமகனை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். "நல்லா பாத்து எடுத்துகீறாரு" என்றாள். பிறகு, "இன்னாத்துக்கு இந்த மெத்தைய மாட்டிக்கினு கீறாரு?" என்று கேட்டாள்.

வீரராகவன் ஆரஞ்சுச் சட்டையின் பூட்டை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இந்தப் பெருமை தன்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டும், ஆனால் நர்மதா கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு மனமில்லை.

கயிற்றை அவிழ்த்துக் கழியைப் பிடுங்கினார். "எந்தப் பக்கம் போவட்டும்மா?" என்று சத்தமாகக் கேட்டார்.

முத்தம்மாள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நாகமுத்துவின் முதுகு தெரிந்தது. மடியில் கிடந்த மகளின் தலையை இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சும்மா சுத்து நைனா" என்றாள். "கரைக்கு இன்னா அவசரம்."